போல்ட்டின் கார்பன் கணக்கு கம்பியில் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்கு ஏற்ப ஐரோப்பிய ஒன்றியம் வசூலிக்கும் ‘சிபாம்’ என்ற கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக்கு வந்துவிட்டது. போல்ட், நட்டு, ஸ்குரூ ஆகியவையும் அதில் அடங்கும். கூரையில் சோலார் போட்டால் இந்த வரி குறையும் என்று சிறு ஏற்றுமதியாளர்கள் எண்ண வேண்டாம். இரும்புப் பொருள்களுக்கு இப்போதைய விதியில் நேரடி உமிழ்வு, அதாவது தயாரிப்பின்போது உலைகளிலிருந்தே வெளியாகும் கார்பன், மட்டுமே கணக்கு. வாங்கும் மின்சாரம் சேராது.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு டன் போல்ட்டுக்கு 1.10 டன் ஒயர் ராடு (போல்ட் செய்யும் எஃகுக் கம்பி) போகிறது; 0.10 டன் கழிவு. ஊது உலை வழியில், அதாவது இரும்புத் தாதுவை நிலக்கரியோடு உருக்கிச் செய்த ராடுக்கு டன்னுக்கு 2.4 டன் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 2.64 டன். போல்ட்டைச் சூடாக்கி உறுதியாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் உலையில் 60 கிலோ எல்பிஜி எரித்தால் சுமார் 0.18 டன். ஆக, நூற்றில் சுமார் 94 பங்கு நாம் விலைக்கு வாங்கும் கம்பியோடு வருகிறது. கழிவுக்கு உமிழ்வைப் பிரித்துத் தள்ள முடியாது. முழுச் சுமையும் நல்ல போல்ட்டின் மீதுதான். 1.10-ஐ 1.05 ஆக்கினாலே 0.12 டன் மிச்சம். அதாவது 40 கிலோ எல்பிஜிக்குச் சமம்.

பழைய இரும்பை உருக்கிய கம்பிக்கு மாறினால் கணக்கு பெருமளவு இறங்கும். ஆனால் அதில் செம்பு மிஞ்சினால் கம்பியின் மேற்பரப்பில் நுண்வெடிப்பு விழும். போல்ட்டின் தலையை அடித்து உருவாக்கும்போது பிளக்கும். உருக்காலை தரும் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டில் செம்பின் அளவைப் பார்த்து, கம்பித் துண்டை நசுக்கி வெடிப்பு விழுகிறதா என்று பார்க்கும் அப்செட் சோதனை செய்த பிறகே ஆர்டர் கொடுங்கள். மின் உலை என்ற பெயரை மட்டும் நம்பவும் கூடாது. நிலக்கரியில் தயாரித்த ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமல் எடுத்த இரும்பு) அதிகம் சேர்ந்தால் ஊது உலையின் அளவையும் தாண்டலாம்.

ஆண்டுக்கு 50 டன் வரை இந்த வரி இல்லை என்ற விலக்கும் நம் ஏற்றுமதிக்கு அல்ல. அங்குள்ள இறக்குமதியாளர் எல்லாரிடமும் வாங்கும் மொத்தத்துக்கு.

உருக்காலை தன் உமிழ்வுக் கணக்கைத் தராவிட்டால், ஒன்றியம் நிர்ணயித்த மதிப்பே நம் தலையில் விழும். அதன் மேல் 2026-ல் 10%, 2027-ல் 20%, 2028 முதல் 30% கூடுதல். ஹீட் வாரியாக, அதாவது உருக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் தனிக் கணக்குக்கூட வேண்டாம். ஆலையின் ஆண்டு சராசரி, அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரின் ஒப்புதலோடு இருந்தால் போதும். பெரிய வாடிக்கையாளர் கேட்டால் கிடைக்கும் இந்தத் தாள், மாதம் பத்து டன் வாங்கும் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு டெஸ்ட் சர்ட்டிபிகேட்டோடும் இதை இணைப்பதை மத்திய எஃகு அமைச்சகம் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
போல்ட் – நட்டு உற்பத்தித் துறைத் தொழில்நுட்பப் பணியாளர்கள்,
சென்னை