கடனைக் குறிக்கும் சொல்லில் 'பி' எதற்கு?

பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுப்பவள் நான். போன மாதம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி டிக்டேஷன் நோட்டை நீட்டினாள். கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற சொல்லை 'பி' இல்லாமல் எழுதியிருந்தாள். சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில் 'பத்து தடவை எழுது'. எழுதியும் இருந்தாள். "சொல்லாத எழுத்தை ஏன் மிஸ் எழுதணும்? எனக்குத்தான் மண்டையில ஏறலையா?" என்றாள். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

அவள் எழுதியது பழைய முறைக்கு நெருக்கமானது. பிரெஞ்சிலிருந்து அந்தச் சொல் இங்கிலாந்துக்கு வந்தபோது அதில் 'பி' கிடையாது. லத்தீன் படித்த பண்டிதர்கள் பின்னாளில், 'டெபிடும்' என்ற மூலச்சொல் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதைச் செருகினார்கள். பேச்சில் அது ஏறவே இல்லை. எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது.

குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' சொல்லின் 'கே' அப்படியல்ல. அது ஒரு காலத்தில் உண்மையாகவே வாயில் ஒலித்த எழுத்து. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை மெல்ல நிலைத்தது. பேச்சு அதற்குக் காத்திருக்கவில்லை. 'வருகிறார்கள்' என்று எழுதிவிட்டு 'வர்றாங்க' என்று பேசும் நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும்.

அதே காக்ஸ்டன் 1490-ல் ஒரு முன்னுரையில் சொல்லும் கதையை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். தேம்ஸ் ஆற்றிலிருந்து கடல்கடந்து போகக் கிளம்பிய வணிகர்கள் காற்றில்லாமல் கரையில் இறங்குகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டுக்குப் போய் முட்டை கேட்கிறார். வடக்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த 'எக்' என்ற சொல் அவர் வாயில் வருகிறது. வீட்டுக்காரம்மா, "எனக்கு பிரெஞ்சு தெரியாது" என்கிறார். கேட்ட வணிகருக்கும் பிரெஞ்சு தெரியாது; அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. இன்னொருவர் 'ஐரென்' என்று கேட்ட பிறகுதான் அந்த அம்மாவுக்குப் புரிகிறது. அந்த 'ஐரென்' இன்று வழக்கில் இல்லை.

1066-ல் வடக்கு பிரான்சிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிரெஞ்சு, ஆள்பவர்களின் மொழியானது. தொழுவத்தில் நிற்கும்போது மாட்டுக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர், 'கௌ'. தட்டுக்கு வந்ததும் பிரெஞ்சுப் பெயர், 'பீஃப்'. ஆடும் பன்றியும் அப்படியே. வளர்த்தவர் யார், சாப்பிட்டவர் யார் என்பது சொற்களில் பதிந்து கிடக்கிறது. வழக்குமன்ற வாதம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 1362-ல். ஆனால் அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது.

அப்புறம், 'யூ' என்றால் நீயா, நீங்களா என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். ஆங்கிலத்திலும் நீ இருந்தது, 'தௌ'. பன்மையான 'யூ' நம் 'நீங்கள்' போலவே மரியாதைச் சொல்லாயிற்று. 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கடவுள் முன் எல்லாரும் சமம் என்று, பெரிய மனிதர்களையும் 'தௌ' என்றே அழைத்துப் பலருடைய கோபத்துக்கு ஆளானார்கள். கடைசியில் பொதுவழக்கில் நின்றது 'யூ' மட்டும்தான். ஒருவரை எப்படி அழைப்பது என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. எட்டாம் வகுப்பில் நாலே நாலு பீரியட். அதில் இந்தக் கதைகள். கட்டுமரமும் சுருட்டும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பி' எப்படி வந்தது என்று சொன்னபோது அந்தப் பெண் நோட்டை வாங்கி, தான் எழுதிய பத்து வரியையும் விரலால் தடவிப் பார்த்தாள். "அப்போ நான் எழுதுனதும் ஒருகாலத்துல சரியா மிஸ்?" என்றாள். சரிதான் என்றேன்.

ஒன்றே ஒன்று. தயவுசெய்து இதைப் பரீட்சையில் கேட்காதீர்கள். 1066, 1362, 1476 என்று ஆண்டுகளை ஒரு மார்க் கேள்வியாக்கினால், அதையும் பத்து தடவை எழுதச் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்