ஒரு மாதம் பொறுங்கள், கூடு தானாகக் காலியாகும்

பெரம்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும். இதே வேலையை இதே கோடையில் வைத்திருக்கும் வியாசர்பாடி, கொளத்தூர், தண்டையார்பேட்டைச் சங்கங்களுக்கும்.

வணக்கம்.

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படித்தேன். ஏப்ரல் முதல் வாரம் சாரம் கட்டுகிறார்கள். வெளிச்சுவருக்குப் பெயின்ட், பழைய பைப் ஓட்டைகளுக்கு சிமென்ட், பால்கனிகளுக்குப் புறா வலை, காம்பவுண்டு மரங்களைக் கழிப்பது என்று நாலு வேலையும் ஒரே கான்ட்ராக்டரிடம் போகிறது. வேலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பணம் கட்டியவர்களில் நானும் ஒருவர். கடற்காற்றின் உப்பும் லாரித் தூசியும் நம் சுவரை என்ன பாடு படுத்தியிருக்கின்றன என்பது தெருவில் போகிறவர்களுக்கே தெரியும். நான் பேச வந்தது தேதியைப் பற்றி. ஏப்ரல் மாதம் நம் கட்டடத்தில் மெயின்டனன்ஸ் கட்டாத குடித்தனங்கள் நிறைய இருக்கும்.

பி பிளாக் பின்சுவரில், முன்பு கீஸர் குழாய் போன ஓட்டை ஒன்று இரண்டாம் மாடி உயரத்தில் இருக்கிறது. இப்போது அது ஒரு சிட்டுக்குருவி ஜோடியின் வீடு. கழுத்துக்குக் கீழே கறுப்பாக இருப்பது ஆண். ஓட்டை வாயில் உட்கார்ந்து காலை முழுக்கக் கத்துவதும் அதுதான், இடம் பிடித்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்கிறது. உள்ளே போகிற சாமான்களைப் பார்த்தால் நம் குடியிருப்பின் குப்பைக் கணக்கே தெரிந்துவிடும்: துடைப்பக் குச்சி, பிளாஸ்டிக் நார், யாரோ உதறிய தலைமுடி, ஒருநாள் பூக்கடை வாழைநார். குஞ்சு பொரித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஏணி வேண்டாம். தாயோ தகப்பனோ அலகில் பச்சைப் புழுவோடு வந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது. திரும்பும்போது வெள்ளையாக ஒரு சின்ன உருண்டையைக் கவ்விக்கொண்டு பறந்தால் சந்தேகமே இல்லை, அது குஞ்சின் எச்சம். கூட்டைப் பெருக்கிக் குப்பையை வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது. நம்மில் எத்தனை பேர் குப்பையை அவ்வளவு தூரம் தூக்கிப்போய்ப் போடுகிறோம் என்பது வேறு கதை.

கணக்கு சொல்கிறேன். சிட்டுக்குருவி பெரும்பாலும் 3 முதல் 5 முட்டை இடும். அடைகாக்க ஏறக்குறைய 12 நாள். குஞ்சு பறந்துபோக இன்னும் இரண்டு வாரம் சொச்சம். முதல் முட்டையிலிருந்து கூடு காலியாகும்வரை ஒரு மாதம், அவ்வளவுதான். சொன்ன தேதியில் வேலையை முடித்துக் கொடுத்த கான்ட்ராக்டர் யாரையாவது உங்களில் ஒருவர் பார்த்திருந்தால் கையைத் தூக்குங்கள். அவருக்காக நாம் எப்போதும் பொறுக்கிற அதே ஒரு மாதத்தைத்தான் இந்தக் குருவிக்கும் கேட்கிறேன்.

போன முறை மோட்டார் ரூம் பக்கத்து ஓட்டையை அடைத்தது சிலருக்கு நினைவிருக்கும். உள்ளே குஞ்சுகள் இருந்தன. சாயங்காலம்வரை தாய்க்குருவி ஈர சிமென்டுக்கு முன்னால் அலகில் புழுவோடு வந்து வந்து போனது. வாட்ச்மேன் அண்ணன் பார்த்துவிட்டுச் சொல்லி, உளியை வைத்துத் தட்டுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. மேஸ்திரியைக் குற்றம் சொல்ல முடியாது. அடைக்கச் சொன்னார்கள், அடைத்தார். டார்ச் அடித்து ஒருதரம் உள்ளே பார் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

சிட்டுக்குருவி ஏன் குறைந்தது என்று கேட்டால் பாதிப் பேர் செல்போன் டவரைக் கைகாட்டுவார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைகிறது என்றது. டவர் கிராமத்திலும்தான் நிற்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையின் ஓட்டு வீடுகளிலும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடம் இருந்தது, மாடக்குழி இருந்தது, சாமி படத்துக்குப் பின்னால் சந்து இருந்தது. இப்போது கட்டுகிற சுவர் பட்டி பார்த்து வழவழவென்று இருக்கிறது. குருவி எங்கே போகும்? அதோடு குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும். நாம் போடுகிற நொய் பெரிய குருவிக்குச் சரி, குஞ்சை அது வளர்க்காது. செடிகளுக்கு மருந்தடிக்கிற அன்றைக்கெல்லாம் குருவி வீட்டில் பட்டினி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வடசென்னையிலேயே ‘கூடுகள்’ அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டு மரக்கூடு செய்து மாட்ட வைக்கிறது. 2024 நவம்பரில் பிரதமரின் ‘மனதின் குரல்’ பேச்சில்கூட அவர்களைப் பற்றி வந்தது. நீங்களும் சும்மா இல்லை. மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாளுக்கு நம் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி வைத்துப் பரிசும் கொடுத்தீர்கள். மார்ச்சில் குருவிக்குப் படம், ஏப்ரலில் குருவிக்கு சிமென்ட் என்றால் அந்தப் பிள்ளைகள் நம்மை என்ன நினைப்பார்கள்?

மரத்துக்கு வருகிறேன். ‘காய்ந்த கிளைகள் முதலில் அகற்றப்படும்’ என்று நோட்டீஸ் சொல்கிறது. ஏ பிளாக் முருங்கையில் பட்டுப்போன கிளை ஒன்று சுவர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடிப்பக்கம், மழைத்தண்ணீர் இறங்காதபடி, சுத்தமான வட்டத்தில் ஒரு ஓட்டை. குக்குறுவான் தன் அலகாலேயே குடைந்தது. பச்சை உடம்பு, மஞ்சள் தொண்டை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. உங்களில் பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள், காதால் கேட்டிருப்பீர்கள். மத்தியான வெயிலில் ‘டொங்க்... டொங்க்... டொங்க்’ என்று நிற்காமல் வருகிற சத்தம் அதுதான். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் யாரோ சுத்தியல் தட்டுகிறார்கள் என்று எதிர்வீட்டுப் பெரியவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். பச்சைக் கிளையில் அதனால் குடைய முடியாது, அதற்குப் பட்ட கிளைதான் வேண்டும். நமக்கு அசிங்கமாகத் தெரிகிற அந்த ஒரு கிளையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். கீழே யாரும் நடக்கிற இடமுமில்லை.

2016 டிசம்பர் 12-ஐ யாரும் மறக்கவில்லை, எனக்குத் தெரியும். வர்தா புயலில் இந்த ஊரில் விழாத மரத்தைத்தான் எண்ண வேண்டியிருந்தது. மழைக்கு முன் கனத்த கிளையைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் வருகிறது. ஏப்ரலில் கழித்த வேம்பு அதற்குள் மறுபடி தழைத்துக் கனத்துவிடும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ கழித்தால் புயலுக்கும் சரியாக இருக்கும், கூடுகளும் அநேகமாக முடிந்திருக்கும். ஏப்ரலில் வெட்டினால் கூட்டோடு மே மாத நிழலும் போய்விடும்.

அந்த வேம்பின் உச்சியில் இருப்பது காகக் கூடு. பாதி குச்சி, பாதி கட்டுக்கம்பி. கட்டட வேலை நடக்கிற இடமெல்லாம் அலைந்து பொறுக்கியது. அதைத்தான் முதலில் தட்டிவிடச் சொல்லி டி பிளாக்கிலிருந்து மனு வந்திருக்கிறதாம். தலையில் கொத்துகிறது, உண்மைதான், என்னையும் கொத்தியிருக்கிறது. குஞ்சு கூட்டைவிட்டு இறங்குகிற அந்த இரண்டொரு வாரம்தான் அதற்கு அந்த வேகம். அதுவரை குடை பிடித்துக்கொண்டு போகலாம், இல்லையென்றால் பின்கேட் வழியாகப் போகலாம். அமாவாசையன்று மொட்டை மாடியில் சோறு வைத்து ‘கா, கா’ என்று தொண்டை வற்றக் கூப்பிடுகிறோம். அதே காகம் வீட்டு வாசலில் குடித்தனம் வைத்தால் கம்பைத் தேடுகிறோம்.

இன்னொன்று, காகக் கூட்டைக் கலைத்தால் குயிலும் போகும். குயில் கூடு கட்டாது என்பது எல்லாருக்கும் தெரியும். அது நடக்கிற விதத்தை நம் காம்பவுண்டிலேயே பார்க்கலாம். கறுப்பு ஆண் குயில் கூட்டுக்குப் பக்கத்திலேயே வந்து கூவும். காகம் இரண்டும் ஆத்திரத்தோடு அதைத் துரத்திக்கொண்டு போகும். அந்த நேரம் பார்த்துப் புள்ளிபோட்ட பெண் குயில் உள்ளே நுழைந்து முட்டையை வைத்துவிட்டு வந்துவிடும். குயில் முட்டை காக முட்டைக்கு முன்னாலேயே பொரித்துவிடும் என்பதால் குயில் குஞ்சுக்குத்தான் முதல் பந்தி.

ஈ பிளாக் மூன்றாம் மாடி அக்காவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவர் வீட்டுத் துணிக்கொடியின் ஓரத்தில் தேன்சிட்டு பை மாதிரித் தொங்குகிற கூடு ஒன்றைக் கட்டிவிட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் அந்த வேலைப்பாடு தெரியும். ஒட்டடையும் நாரும் சேர்த்துப் பின்னி, மேலே மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம், கிழிந்த காகிதம் என்று ஒட்டி, பார்த்தால் குப்பை மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்படி செய்திருக்கிறது. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே மழை படாமல் ஒரு குட்டி சன்ஷேடு. இரண்டு முட்டை. அக்கா துணியை எல்லாம் ஹாலில் ஸ்டாண்டு போட்டுக் காயவைக்கிறார். பெயின்டர் பால்கனிக்கு பிளாஸ்டிக் ஷீட் கட்டினால் அன்றோடு அந்தக் கூடு முடிந்தது. குஞ்சு பொரிக்க இரண்டு வாரம், பறக்க இரண்டரை வாரம். அவர் வீட்டு பால்கனியைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் கான்ட்ராக்டருக்கு என்ன நட்டம்?

புறா வலை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். புறாவுக்கு இந்த ஊரில் ஒரு குறையும் இல்லை, பெருகிக்கொண்டேதான் போகிறது. காய்ந்த எச்சத்தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்று மருத்துவர்களே எச்சரிக்கிறார்கள். வலையைத் தாராளமாகக் கட்டுங்கள், ஆனால் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். தொளதொளவென்று விட்டால் தேன்சிட்டும் ஆந்தையும் மாட்டிக்கொண்டு தொங்கும். ஏசி பெட்டிக்குப் பின்னால் குஞ்சு இருந்தால் அது பறந்த பிறகு கட்டுங்கள். உள்ளே வைத்துக் கட்டினால் செத்து நாறுகிற நாற்றம் உங்கள் படுக்கையறைக்குத்தான் வரும்.

லிஃப்ட் மெஷின் ரூம் பரணில் இருக்கிற வெள்ளை ஆந்தையைப் பற்றியும் புகார். ராத்திரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறுகிறது, அபசகுனம், யார் வீட்டுக்கு வந்திருக்கிறதோ என்று பேசிக்கொள்கிறார்கள். பசித்த குஞ்சுகள் சோறு கேட்கிற சத்தம் அது. அவை தின்பது பெரும்பாலும் எலி. ஒரு பக்கம் எலி மருந்துக்கு மாதாமாதம் பில் போடுகிறோம், மறுபக்கம் சம்பளம் வாங்காமல் எலி பிடிப்பதை விரட்டப் பார்க்கிறோம். மருந்து தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகும், அதையும் யோசியுங்கள். ஆந்தைக்கு மட்டும் ஒரு மாதம் போதாது. அடைகாக்கவே ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். அந்த அறையை மழைக்கு முந்திய வேலைகளோடு சேர்த்துவிடலாம்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் வழக்கமில்லை. தெரிந்திருக்கட்டும் என்று மட்டும் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ‘வேட்டை’ என்பதற்குத் தருகிற விளக்கத்திலேயே காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும்.

வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டு நான் ஒதுங்கவில்லை. சாரம் கட்டுவதற்கு முன் நாங்கள் மூன்று பேர் மேஸ்திரியோடு நாலு சுவரையும் சுற்றி வருகிறோம். கூடு இருக்கிற ஓட்டைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறோம். கோடு இல்லாததை அன்றைக்கே அடைக்கலாம். கோடு போட்டது காலியானதும் நாங்களே வந்து சொல்கிறோம். அதிலும் சிலவற்றை நிரந்தரமாக விட்டுவிட முடிந்தால் நல்லது. முடியாதென்றால் அதே இடத்தில் ஒரு மரக்கூடு மாட்டிக்கொள்கிறோம், செலவு எங்களுடையது. வாசல் மூன்று சென்டிமீட்டர் அகலம் இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் மைனா வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பிள்ளைகளிடமும் பேசுகிறோம். கூட்டுக்குப் பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்க வேண்டாம். நாம் எட்டிப் பார்க்கிற இடத்தைக் காகம் குறித்து வைத்துக்கொண்டு குஞ்சைத் தூக்க வரும். கீழே விழுந்த குஞ்சைப் பார்த்தால் வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பால் ஊற்ற வேண்டாம். சிறகு முளைக்காததைக் கூட்டிலேயே திரும்ப வைத்துவிடலாம். சிறகு முளைத்ததைப் பூனை எட்டாத கிளையில் விட்டால் போதும், தாய் தேடி வரும். மனிதக் கை பட்டால் சேர்க்காது என்பது பாட்டி காலத்துப் பேச்சு, சும்மா தொடாமல் இருப்பதற்குச் சொன்னது.

கான்ட்ராக்டருக்கு முன்பணம் இன்னும் போகவில்லை என்று பொருளாளர் சொன்னார். அது போவதற்குள் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தேதியைப் பேசி, எந்தச் சுவர் முதலில், எது கடைசியில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பி பிளாக் பின்சுவர், ஈ பிளாக் மூன்றாம் மாடி, மெஷின் ரூம், இந்த மூன்றும் கடைசியில், மரம் செப்டம்பரில். கூட்டத்துக்கு டார்ச்சோடு வருகிறேன், விருப்பமுள்ளவர்கள் முடிந்ததும் என்னோடு ஒரு சுற்று வரலாம்.

இப்படிக்கு,
சி பிளாக், முதல் மாடியில் குடியிருப்பவர்