வெள்ளை விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்கும் எழுதவும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசலில் உட்கார்ந்து எத்தனையோ கடிதம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும், விஷயம் இதற்கு அப்புறம்தான் வரும்.

போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். எடுத்ததுமே "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். சரி, வேலை இருக்கும், சும்மாவா சம்பளம் கொடுக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்த வழிக்கே வந்துவிட்டேன். ரிஜிஸ்தர் தபாலைக் கொண்டுபோய் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். எதில் போட்டாலும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கவேண்டும், கிடைக்கவில்லை என்று நீ சொல்லமுடியாது.

வெள்ளி சாயங்காலம் உங்கள் நாய் வெள்ளை மறுபடியும் கிழக்குத் தோட்டத்துக்குள் போய்விட்டது. நீங்கள் வைத்த இங்கிலீஷ் பேர் என் வாயில் நுழையவில்லை, நாங்கள் வெள்ளை என்றே கூப்பிடுகிறோம். கூப்பிட்டு என்ன பிரயோஜனம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அம்மா தண்ணீர் வைக்கப் போனபோது சங்கிலிக் கொக்கி கழன்றிருக்கிறது. கிளுவை வேலியின் அடியில், நீ சின்ன வயதில் நுழைந்து போவாயே, அதே சந்தில் நுழைந்து கொறங்காட்டுக்குள் ஓடிவிட்டது. அங்கே மாமாவின் செவலைக் குதிரையும் அதன் குட்டியும் மேய்ந்துகொண்டிருந்தன.

குரைத்திருந்தாலாவது நல்லது. சத்தமே இல்லாமல், தலையைத் தாழ்த்தி, நேராகக் குட்டியின் பின்னங்காலைக் குறிவைத்துப் போயிருக்கிறது. குதிரைக்குத் தன் நேர் பின்னால் இருப்பதும் மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும் கண்ணில் படாது, மற்றபடி சுற்றிலும் பார்க்கும். நான் வேலியோரம் போய்ச் சேர்ந்தபோது தாய்க்குதிரை காதை மடக்கிக்கொண்டு திரும்பி ஓர் உதை விட்டது. குளம்பு வெள்ளையின் தாடைக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போனது. பட்டிருந்தால் உன் நாய்க்கு அன்றோடு கதை முடிந்திருக்கும். குட்டி வெறித்து ஓடிப் படலில் சுற்றியிருந்த முள்கம்பியில் மோதி, முன்காலில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கிழிந்து தொங்கியது. நாய் கடிக்கவில்லை, அதை டாக்டரும் பார்த்துச் சொல்லிவிட்டார். கழுவித் தையல் போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டார். மற்ற கால்நடையைவிடக் குதிரைக்குத்தான் அந்த நோய் சுலபமாகப் பிடிக்குமாம்.

இப்போது மாமாவுக்குப் பயம் தாயைப் பற்றி. அது மறுபடியும் சினையாக இருக்கிறது. குதிரைக்குப் பதினொரு மாதச் சினை, இதுபோல இன்னும் ஒரு தடவை விரட்டினால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு இந்தக் குட்டியைக் கொண்டுபோவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலில் தழும்பு இருக்கிற குட்டியை யார் என்ன விலைக்குக் கேட்பார்கள்? அந்தச் சந்தைக்கு உன்னைத் தோளில் தூக்கிப் போய், அங்கே இருந்த பெரிய குதிரை மேல் உட்காரவைத்தவர் அவர்தான். நீ இறங்கமாட்டேன் என்று அழுதாய்.

மாமா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. டாக்டருக்கு நான் கொடுத்த பணத்தைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. கிணற்று விவகாரத்துக்கு அப்புறம் இரண்டு வீடும் எத்தனை வருஷம் முகம் பார்க்காமல் கிடந்தோம், உனக்குத் தெரியாததா. உன் கல்யாணத்துக்குத்தான் அந்த மனுஷன் மறுபடி நம் வாசலை மிதித்தார். பந்தலில் கடைசிவரை நின்று பரிமாறினார்.

மாமா மகன் அப்படி இல்லை. போலீசுக்குப் போவேன் என்கிறான். அவன் சொல்வதில் சட்டம் இருக்கிறது. வளர்க்கிற பிராணியைக் கட்டுக்குள் வைக்காமல் மனுஷருக்கு ஆபத்து வரும்படி விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரைக்கும் ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. வெறித்த குதிரை அன்றைக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்த ஆள் மேல் ஏறாமல் விட்டது அவர் அதிர்ஷ்டம். அடுத்த தடவை குருணை மருந்து வைத்துவிடுவேன் என்று அவன் சொன்னதற்கும் சட்டம் இருக்கிறது. 325-ஆம் பிரிவு, பிராணியை விஷம் வைத்துக் கொன்றால் ஐந்து வருஷம் வரை. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. தப்பு நம் பக்கம் இருக்கும்போது சட்டம் பேசினால் கேட்கிறவனுக்குக் கோபம்தான் வரும்.

நாயைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தபால் பையோடு சைக்கிளில் போனவனுக்குத் தெரியாத நாயா. துரத்தினால் மிதிக்கக் கூடாது. இறங்கி, சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, அதன் கண்ணைப் பார்க்காமல் நிற்கவேண்டும், அதுவே சலித்துப் போய்விடும். ஓடுகிறதைத்தான் நாய் துரத்தும். ஆனால் குதிரையிடம் ஓடாதே என்று சொல்லமுடியுமா? பயந்தால் ஓடு என்றுதான் அதைப் படைத்திருக்கிறது. அதுவும் வெள்ளை ராஜபாளையம். பாளையக்காரர்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த ஜாதி. 2005-இல் நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையத்துக்கும் ஒன்று இருந்தது. அப்பேர்ப்பட்டதைப் பதினோராவது மாடி பால்கனியில் வைத்திருந்தீர்கள். வாங்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, அது போகட்டும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். குட்டிக்குத் தையல் போட வந்த டாக்டரிடம், இந்த நாய் என்ன கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, திமிர் பிடித்தது என்று சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் நம் வீட்டுக்கு வந்து, வெள்ளை எங்களைப் பார்க்காமல் படுத்திருந்த நேரத்தில் அதன் பின்னால் நின்று ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைத் தரையில் போட்டார். அம்மா அடுப்படியில் இருந்து பதறி ஓடிவந்தாள். வெள்ளையின் காது நுனிகூட அசையவில்லை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். காலைத் தரையில் ஓங்கி மிதித்ததும்தான் அதிர்வில் திடுக்கிட்டு எழுந்து பல்லைக் காட்டியது. பிறவியிலேயே செவிடாக இருக்கும் என்றார். வெள்ளை ரோமமும் ரோஸ் மூக்கும் உள்ள இந்த ஜாதியில் இது உண்டாம்.

தீபாவளிக்கு ஊரே வேட்டில் அதிர்ந்தபோது அது திண்ணையில் காலை நீட்டித் தூங்கியதே, அம்மா எவ்வளவு பெருமையாகச் சொன்னாள், என் பிள்ளையின் நாய் பயப்படாது என்று. நீயும் இருந்தாயே. மாடியில் போனோடு இருந்தாய், பார்த்திருக்கமாட்டாய்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி. இருபத்துநாலு மணி நேரமும் சங்கிலியில் போடக் கூடாது, வெறிதான் ஏறும். முப்பது அடி நைலான் கயிற்றில்தான் வெளியே கொண்டுபோக வேண்டும், அவிழ்த்துவிடவே கூடாது. கூண்டு மாதிரி இருக்கிற வாய்மூடி போடவேண்டும், அதில் நாக்கை நீட்டி மூச்சு விடவும் தண்ணீர் குடிக்கவும் முடியும், துணியில் வருவது ஆகாது. குதிரையைத் தூரத்தில் காட்டி, அதைப் பார்த்துவிட்டு நம் பக்கம் திரும்பினால் உடனே கறித்துண்டு கொடுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிட்டே கொண்டுபோக வேண்டும், இது மாதக் கணக்கில் ஆகும். தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது. கருத்தடை ஆபரேஷன் செய்தால் அடங்கிவிடும் என்று பால்காரர் சொல்கிறார், துரத்துகிற புத்தி அதனால் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலிச் சந்தை நான் அடைத்துவிட்டேன். கயிறு வாங்கிவிட்டேன். அவிழ்த்துவிட மாட்டேன், நீ வந்தாலும் அவிழ்த்துவிடாதே.

வெறிநாய் ஊசி போட்ட கார்டு எங்கே? அதை முதலில் அனுப்பு. வருஷா வருஷம் போடவேண்டியது. கார்டைக் காட்டினால் மாமா மகன் பாதி அடங்குவான்.

எல்லாவற்றுக்கும் மேலே, செவிட்டு நாயைக் கையால்தான் பழக்கமுடியும் என்கிறார். வா என்றால் ஒரு சைகை, நில் என்றால் ஒரு சைகை, ராத்திரியில் டார்ச்சை அடித்து அணைத்தால் ஒரு அர்த்தம். இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஆடி நோம்பிக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்களே, அப்போது வெள்ளை மேட்டுக்காட்டுக்கு ஓடிவிட்டது. நீ வரப்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினாய். அது திரும்பவே இல்லை. நீ கட்டிக்கொண்டு வந்த அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. நாய் பார்க்கிறவரைக்கும் காத்திருந்து, வலது கையை உயர்த்தி நெஞ்சில் வைத்தது, அவ்வளவுதான். வெள்ளை காலடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. காது கேட்காது என்று தெரிந்து செய்ததோ, தெரியாமலே அப்படிப் பழகியதோ, அதை நான் எப்படிச் சொல்வது. நேற்று அதே மாதிரி என் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். எழுந்து வந்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டது. வேறு என்னவோ ஒன்றும் சேர்த்துச் செய்யவேண்டும் போலிருக்கிறது.

அது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர் நாயைக் கேட்கிறார். செவிடு என்று தெரிந்தால் கேட்கமாட்டார், மறைத்துக் கொடுப்பதும் சரியில்லை. அதைவிட, உன்னைக் கேட்டு மட்டும் கொடுத்துவிட அது உன் ஒருவனுடைய நாய் இல்லை. இரண்டு மாதம் இருக்கட்டும் என்று ராத்திரியில் காரில் கொண்டுவந்து விட்டுப் போனாய். இரண்டு மாதம் எப்போதோ போய்விட்டது. நான் ஏன் என்று கேட்கவில்லை, அம்மாவையும் கேட்கவிடவில்லை. பெரிய கம்பெனியில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிற பிள்ளை, தன் காரியம் தனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இது குதிரைக்காரர் காரியமும் ஆகிவிட்டது.

இன்னொன்று. வெள்ளியன்று மாமா மகன்தான் வெள்ளையைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வந்தான். பட்டையில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது, அதில் போன் நம்பர் வெட்டியிருக்கிறது. அது உன் நம்பர் இல்லை. அவன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான். நாய்க்குச் சொந்தக்காரரிடமே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மாமா ஞாயிற்றுக்கிழமை வரை பொறு என்று அவனை நிறுத்தி வைத்திருக்கிறார். அவன் வாய் உனக்குத் தெரியும். ஊர்க்காரன் ஒருத்தன் அப்படிக் கூப்பிட்டு, அப்படி ஒரு பேச்சை அந்தப் பிள்ளை கேட்கவேண்டுமா?

அதனால் நீ ஒரு போன் போடு. நாய்க்காகத்தான். வேறு எதுவும் பேசவேண்டாம் என்றால் பேசவேண்டாம். வா, நில், உட்கார், மூன்றுக்கும் என்ன சைகை, ஊசி கார்டு யாரிடம் இருக்கிறது, இவ்வளவுதான் கேட்கவேண்டும். கேட்டு எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லு. கயிற்றையும் வாய்மூடியையும் மறக்காதே, கயிறு வாங்கியாயிற்று, வாய்மூடி இங்கே கிடைக்கவில்லை, நீதான் அங்கே வாங்கவேண்டும். ஞாயிறு தாண்டினால் நானே அந்த நம்பருக்குக் கூப்பிட்டுவிடுவேன். நான் கூப்பிட்டால் நாயைப் பற்றி மட்டும்தான் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்கமுடியாது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: பொங்கலுக்குத் துணி எடுக்க அம்மா அடுத்த வாரம் ஈரோடு போகிறாள். எத்தனை பேருக்கு எடுக்கட்டும் என்று கேட்கச் சொன்னாள்.