இருக்கிற இடமும் பதிவு இருக்கிற இடமும்

கோண்டாவில்,
12.09.2021

அன்பின் வதனி,

உன்ர சித்திரைக் கடிதத்துக்கு இப்பதான் பதில் எழுதிறன். வட்சப்பில பூப்படம் அனுப்பினதெல்லாம் கணக்கில வராது எண்டு நீ சொல்லமுதல் நானே ஒத்துக்கொள்ளுறன். அம்மா சுகம். இரண்டு கொரோனா ஊசியும் போட்டாச்சு. முழங்கால் நோவும் குறையேல்லை, 'வதனி எப்ப வருவாள்' எண்ட கேள்வியும் குறையேல்லை. இந்த முறையும் நல்லூர்த் திருவிழா சனமில்லாமல் முடிஞ்சுது. கிளியக்கா வீட்டில எல்லாருக்கும் வந்து மாறீட்டுது.

நான் எழுத வந்த விசயம் வேற. போன கிழமை எங்கட ஒழுங்கையில 2,000 ரூபா குடுத்தவை. ஓகஸ்ட் 20இல திரும்பவும் நாட்டைப் பூட்டினதால, வேற கொடுப்பனவு இல்லாமல் உழைப்பையும் இழந்த குடும்பங்களுக்கு எண்டு வந்த காசு. சீனி கிலோ போன மாதம் 200ஐத் தாண்டினது, பால்மா கடையில கிடக்கிறதே இல்லை. 2,000 எத்தினை நாளைக்குக் காணும் எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனா நான் நித்திரை இல்லாமல் கிடக்கிறது தொகையை நினைச்சு இல்லையடி.

மூலை வளவில வாடகைக்கு இருக்கிற பெட்டையை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவள். புருசன் மேசன் வேலை, நாட்கூலி. இரண்டு பிள்ளையள். சொந்த இடம் முல்லைத்தீவுப் பக்கம், விதானையாரிட்ட (கிராம சேவையாளரிட்ட) இருக்கிற குடும்பப் பதிவும் அங்கதான். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டவங்கள் எல்லோ. கன மாவட்டங்களில இடைக்கிடை எடுத்து விட்டாங்கள், யாழ்ப்பாணத்தை அபாய வலயம் எண்டு கிழமைக்கணக்காப் பூட்டி வைச்சவங்கள். மேசனுக்கு ஒரு மாதம் வேலை இல்லையெண்டா அடுப்பு எப்பிடி எரியும்?

அப்ப 5,000 ரூபா வந்தது. சித்திரையும் வைகாசியும் குடுத்தவை. சமுர்த்தி எண்ட வறுமை நிவாரணம் எடுக்கிறவைக்கு, அதின்ர காத்திருப்புப் பட்டியலில இருந்தவைக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு, சிறுநீரக நோயாளருக்கு. அம்மாவின்ர முதியோர் கொடுப்பனவு 2,000கூட அந்த இரண்டு மாதமும் 5,000 ஆக வந்தது. குறை சொல்ல வரேல்லை. எங்கட விதானையாரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் வெயிலில படலை படலையாப் போய்க் கையெழுத்து வாங்கிக் காசு குடுத்ததை நான் கண்ணால கண்டனான். கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தவர். அந்த நேரத்தில அது சின்ன விசயமில்லை.

பட்டியல் சரிபார்க்கேக்க மாதர் சங்கச் செயலாளர் எண்டு என்னையும் கூப்பிட்டவை. மூலை வளவு எண்டு நான்தான் பேர் சொன்னன். "பதிவு இஞ்ச இல்லை" எண்டார் ஒருத்தர். அங்க போன் எடுத்துக் கேட்டா, "ஆள் இஞ்ச இல்லையே" எண்டினம். போய்க் கடிதம் எடுக்க மாவட்டம் தாண்ட ஏலாது. நான் இரண்டாம் தரம் வாய் திறக்கேல்லை, வதனி. அடுத்த பேரை வாசிச்சன். அண்டைக்குப் பின்னேரம் அவள் படலையில வந்து நிண்டு, "அக்கா, எங்கட பேரும் இருக்கோ?" எண்டு கேட்டாள். அரிசியும் மரக்கறியும் குடுத்து அனுப்பினன். அவள் கேட்டது அரிசி இல்லை.

இந்த வருசம் ஆவணியில அவளின்ர புருசனுக்குத் தொற்று. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எப்ப வந்தவர் எண்டு நினைக்கிறாய்? அண்டைக்கே. பதிவு எங்க எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. ஆர் ஆர் இஞ்ச படுத்து எழும்புகினம் எண்டுதான் கேட்டவர். படலையில அறிவித்தல் ஒட்டினார், 14 நாள் வெளிக்கிடக் கூடாது எண்டார், எழுதிக்கொண்டு போனார். தனிமைப்படுத்தின குடும்பத்துக்கு எண்டு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதியும் கூட்டுறவுச் சங்கக்கடையால வந்து சேர்ந்தது. அரிசி, பருப்பு, மா, ரின்மீன் எல்லாம் இருந்தது. நோயெண்டு வந்தா அவள் இந்த ஊர்க்காரி. பசியெண்டு வந்தா வேற மாவட்டத்துக்காரி. நோய்க்கு எழுதின கொப்பியில இருந்த அதே பேர் காசுக்கு எழுதின கொப்பியில ஏன் இல்லை? அதை நினைச்சுத்தான் எனக்கு நெஞ்சு கொதிக்குது.

மே 30இல யாழ்ப்பாணத்துக்கு 50,000 சினோபாம் ஊசி வந்து பிரிவு பிரிவாப் போடத் தொடங்கினவை எல்லோ. அப்பவும் அவள் அடையாள அட்டையோட அலைஞ்சவள். கடைசியில விதானையார் "இவர் எனது பிரிவில் வசித்து வருகிறார்" எண்டு இரண்டு வரி எழுதிச் சீல் குத்திக் குடுத்தார். அந்தக் கடிதத்தை அவள் பொலித்தீன் பையில போட்டுக் கவனமா வைச்சிருந்தாள். 2,000 ரூபாப் பட்டியல் போடேக்க நான் அதைப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு போய் நிண்டன். இந்த முறை வாய் மூடேல்லை. ஏற்றுக்கொண்டினம், பத்து நிமிசம்தான். போன கிழமை கையெழுத்துப் போட்டு 2,000 வாங்கினாள்.

அந்த இரண்டு வரியை 2020 சித்திரையில ஆரும் எழுதியிருக்கலாம். நான் கேட்டிருக்க வேணும்.

உங்க கனடாவில கொரோனாவால வேலை போனவைக்கு 2,000 டொலர் எண்டு நீ அப்ப எழுதினது ஞாபகம் இருக்கு. நாலு கிழமைக்கு ஒருக்கா, பிறந்த மாதப்படி நாள் பிரிச்சு விண்ணப்பம், வேலை போயிட்டுது எண்டு நீயே உறுதி சொன்னாக் காணும், சில நாளில வங்கியில காசு. முதல் குடுத்துப்போட்டுப் பிறகு பாக்கிறது. பிறகு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்து உன்ர மச்சாள் அழுததும், முந்தின வருசம் 5,000 டொலர் உழைச்சுக் காட்ட ஏலாமல் கைக்காசுக்கு வேலை செய்தவை வெளியில நிண்டதும் நீதான் எழுதினாய். அப்ப உங்கயும் தாளில இல்லாத ஆக்கள் இருக்கினம். எண்டாலும் சனத்தின்ர சொல்லை முதல் நம்புறது எண்ட ஒண்டு இருக்குப் பார், அது எனக்குப் பெரிசாத் தெரியுது. இஞ்ச பட்டினி கிடக்கிறவளே பட்டினிக்குச் சாட்சி கொண்டுவர வேண்டிக் கிடக்கு.

பழைய மாணவியள் சேர்ந்து பொதி குடுக்கப் போறியள் எண்டு கேள்விப்பட்டன். வேண்டாம் எண்டு சொல்லேல்லை, ஆனா அதுக்கு முதல் ஒரு வேலை கிடக்கு. எங்கட பிரிவில ஆர் ஆர் வாடகைக்கு, ஆர் ஆற்ற வீட்டுத் தாவாரத்தில, ஆர் புருசனை விட்டுத் தாய் வீட்டில பதிவில்லாமல் இருக்கினம் எண்டு ஒழுங்கை ஒழுங்கையா நடந்து எழுதப்போறன். மூண்டு ஒழுங்கை முடிஞ்சுது, ஏழு குடும்பம் வந்திட்டுது, வதனி. ஏழு! இத்தினை வருசம் இந்த வழியாலதான் கோயிலுக்குப் போய் வந்தனான். ஒரே வளவுக்க இரண்டு அடுப்பு எரிய, குடும்ப அட்டையில ஒரு குடும்பம் எண்டு கிடக்கிறதை நான் ஒருநாளும் யோசிக்கேல்லை. எழுதி முடிச்சு விதானையாரிட்டயும் பிரதேச செயலகத்திலயும் ஒவ்வொரு பிரதி குடுப்பன். அடுத்த பூட்டுக்கு முதல் அது அங்க இருக்க வேணும். மாவட்டத்தில 435 விதானைப் பிரிவு இருக்கு, எனக்கு இந்த ஒண்டு போதும்.

நீ ஒரு உதவி செய். அந்தக் கனடாக் காசுக்கு விண்ணப்பிக்கேக்க என்னென்ன கேள்வி கேட்டவை எண்டு ஒண்டும் விடாமல் எழுதி அனுப்பு. விதானையாருக்குக் காட்டோணும். குறைஞ்ச கேள்வியில எப்பிடி ஆளைப் பிடிக்கிறது எண்டு அவரும் கேக்கிறார். மச்சாளுக்கு வந்த அந்தக் கடிதத்திலயும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அம்மா ஒடியல்மா போட்டு வைச்சிருக்கிறா, தபால் ஒழுங்காப் போகத் தொடங்க அனுப்பிறன்.

அன்புடன்,
ரதி