'வந்தால்' என்ற சொல்லுக்குள் ஓர் இறந்தகாலம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் உன் குரலே இறங்கியிருந்தது. நீ அனுப்பிய மெயில் அதட்டுவது போல் இருக்கிறதென்று மேலாளர் சொன்னாராம். "ப்ளீஸ் போட்டுத்தானேப்பா எழுதினேன்" என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

"ப்ளீஸ் செண்ட் த ரிப்போர்ட் பை டுமாரோ." இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் ப்ளீஸ் சேர்த்தாலும் ஏவல் ஏவல்தான். நமக்கு மரியாதை வினையின் கடைசியில் இருக்கிறது; 'அனுப்பு' என்பதை 'அனுப்புங்கள்' என்றால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் நீக்கும் நீங்களுக்கும் ஒரே 'யூ'. 'தௌ' என்று தனியாக ஒரு 'நீ' அவர்களிடம் இருந்தது, பொது வழக்கிலிருந்து அது என்றோ போய்விட்டது. அதனால் மரியாதையை வேறு எங்காவது வைத்தாக வேண்டும். பெரும்பாலும் அவர்கள் அதை வைப்பது காலத்தில்.

'கேன் யூ' இறந்தகால வடிவம் எடுத்தால் 'குட் யூ'. 'வில் யூ' என்பது 'வுட் யூ'. "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் செண்ட் இட்" என்பவர் நேற்றைக்கு யோசித்ததைச் சொல்லவில்லை, இப்போதுதான் கேட்கிறார். இறந்தகாலத்துக்குள் ஓரடி பின்வாங்கி நின்று கேட்கிறார். முடியாது என்று சொல்லவும் எதிரில் இருப்பவருக்கு அங்கே இடம் இருக்கிறது.

இது விசித்திரமாகத் தோன்றினால் நம்முடைய 'வந்தால்' என்பதைப் பிரித்துப் பார். வந்தேன், வந்தான், வந்தால். மூன்றிலும் இருப்பது அதே இறந்தகால 'வந்த்'. "நாளைக்கு வந்தால் பேசலாம்" என்று இன்னும் நடக்காததை நடந்து முடிந்ததன் வடிவத்தில்தான் சொல்கிறோம். செய்தால், கேட்டால், கொடுத்தால் எல்லாமே அப்படித்தான். பிறந்ததிலிருந்து உன் வாயில் இருக்கும் வழக்கம் இது, அம்மாடி.

நாம் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். நமக்கு ஒரே 'கொடுத்தால்'. அவர்களுக்கு 'இஃப் யூ கிவ்' ஒன்று, 'இஃப் யூ கேவ்' இன்னொன்று. முதலாவது 'வில்' என்று முடியும், மற்றது 'வுட்' என்றோ 'மைட்' என்றோ முடியும். வியாபாரத்தில் இந்த ஓர் எழுத்து மாற்றத்துக்கு எவ்வளவு எடை என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கொள்முதல் பிரிவில் சேர்ந்த புதிது. "இஃப் யூ கிவ் அஸ் ஃபைவ் பர்சென்ட் டிஸ்கவுண்ட், வி வில் டபுள் தி ஆர்டர்" என்று ஒரு கம்பெனிக்கு எழுதினேன். பேரத்தைத் தொடங்கி வைப்பதாகத்தான் என் நினைப்பு. ஒப்புக்கொள்கிறோம், இரட்டிப்பு ஆர்டருக்கு நன்றி என்று உடனே பதில் வந்துவிட்டது. அவ்வளவு சரக்கு வாங்க மேலிடத்தில் நான் அனுமதி கேட்டிருக்கவே இல்லை. அதைத் திரும்பப் பெறுவதற்குள் எங்கள் வார்த்தைக்கு இருந்த மதிப்பு போய்விட்டது. 'கிவ்', 'வில்' என்பது வாக்குறுதி. "இஃப் யூ கேவ்... வி மைட் பி ஏபிள் டு டபுள் தி ஆர்டர்" என்பது ஆழம் பார்ப்பது. அப்படி எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

இப்போது நான் எழுதிய 'எழுதியிருந்தால்' தான் மூன்றாவது வகை, 'இஃப் ஐ ஹேட் ரிட்டன்'. கைநழுவிப் போனதற்கு மட்டுமே இது பொருந்தும். இதில் 'யூ' வராமல் பார்த்துக்கொள். "இஃப் யூ ஹேட் டோல்ட் அஸ் எர்லியர்" என்றால் நீங்கள் சொல்லாததுதான் தப்பு என்று விரல் நீட்டுவதாகும். "இஃப் வி ஹேட் நோன் எர்லியர்" என்று எழுது. விஷயம் போய்ச் சேரும், காயம் இருக்காது.

'இஃப்' வரும் பாதியில் 'வுட்' போடாதே. "இஃப் யூ வுட் கிவ்" என்று எழுதுவது நம்மவர்களிடம் அதிகம். அப்புறம், "வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?" என்று கேட்டவரிடம் நீ "யெஸ்" சொல்லி அவர் முகம் மாறிப்போன கதை. காத்திருப்பதில் ஆட்சேபம் உண்டா என்பதுதான் கேள்வி. காத்திருக்கச் சம்மதமென்றால் "நாட் அட் ஆல்" என்று சொல்ல வேண்டும்.

பணிவுக்காக நாள், நேரத்தை மட்டும் மழுப்பாதே. எப்போது வேண்டும் என்று தெரியாமல் எதிராளியைத் திண்டாட விடுவதை நான் மரியாதையில் சேர்க்க மாட்டேன். உன் மெயிலை இப்படி மாற்றிப் பார்: "குட் யூ செண்ட் மி த ரிப்போர்ட் பை 4 பி.எம். டுமாரோ? இஃப் தட் இஸ் டிஃபிகல்ட், ப்ளீஸ் லெட் மி நோ டுடே." 4 மணி அப்படியே நிற்கிறது, மறுக்க ஒரு வாசலும் திறந்திருக்கிறது.

அடுத்த மெயிலை அனுப்புவதற்கு முன் போன் பண்ணி ஒரு தடவை எனக்கு வாசித்துக் காட்டு. இரவு 10 மணி வரை விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா