வாடகைக் காரில் தங்கிவிடும் தகவல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் மதுரையில் நான் வாடகைக்கு எடுத்த காரின் திரையில், எனக்கு முன் ஓட்டிய ஐவரின் கைபேசிப் பெயர்களும், அவர்களுள் ஒருவர் 'வீடு' எனக் குறித்திருந்த முகவரியும் அப்படியே இருந்தன. ப்ளூடூத்தில் இணைக்கும்போது தொடர்புகளைப் பகிரலாமா என்ற கேள்விக்கு யோசிக்காமல் ஒப்புதல் தந்துவிடுவதால், பெயர்ப் பட்டியலும் அழைப்பு விவரங்களும் காரின் நினைவகத்துக்குச் செல்கின்றன. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் பல கார்களில் அவை தாமாக அழிவதில்லை. கைபேசிச் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே ஆகியவற்றில் வரைபடச் செயலி கைபேசியிலேயே இயங்குவதால் இந்த ஆபத்து ஓரளவு குறைவு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே இயற்றப்பட்டும், வண்டியைத் திரும்பப் பெறுகையில் பெட்ரோல் அளவையும் கீறல்களையும் (அதிலும் கீறல்களை நுணுக்கமாக!) பார்க்கும் நிறுவனத்தார் இந்தப் பதிவுகளை அழிப்பதில்லை. வாடகைக் கார் நிறுவனங்களுக்கான உரிமத்தின் நிபந்தனைகளில் இவற்றை அழிப்பதையும் போக்குவரத்துத் துறை சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை