விடுபட்ட எண்ணை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை பற்றி எழுதுகிறேன். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மொழி மெதுவானது, சி பிளஸ் பிளஸ் மொழியில் ஏற்கெனவே எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, அதாவது லைப்ரரிகளைக் கைவசம் வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிட்டு வேறு மொழிக்குப் போவதே நல்லது என்கிறார் கட்டுரையாளர். பாயான் லெப்பாஸில் சிப் சோதனை எண்களோடு அன்றாடம் மல்லுக்கு நிற்பவன் நான். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மெதுவானது என்பது பாதி உண்மைதான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பை நாமே வரி வரியாக எழுதினால் ஆர் திணறும். ஆனால் அதன் அடியில் நடக்கும் கணக்கு வேலையில் பெரும்பகுதி சி, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதப்பட்டது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி இது. கம்பைல் செய்த, அதாவது இயந்திர மொழிக்கு முன்பே மாற்றிவைத்த நிரலைக் கூப்பிட்டு வேலை வாங்குவது அதற்குப் புதிதல்ல.

தரவையும் அதன் மீதான செயல்களையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் சி பிளஸ் பிளஸ் கிளாஸ்களுக்கும் வழி உண்டு. டர்க் எடல்பூட்டல், ரொமேன் பிரான்சுவா முதலியோர் வளர்த்தெடுத்த, ஆரையும் சி பிளஸ் பிளஸ்ஸையும் இணைக்கும் ஆர்சிபிபி தொகுப்பில் மாட்யூல் என்றொரு வசதி இருக்கிறது. பைத்தான் மொழிக்கு இதே வேலையைச் செய்யும் பூஸ்ட் பைத்தானைப் பார்த்துச் செய்தது. கிளாஸின் பெயர், அதிலிருந்து ஆப்ஜெக்டை (பொருளை) உண்டாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு என்ன கொடுக்க வேண்டும், எந்தெந்த மெத்தட் (செயல்) வெளியே தெரிய வேண்டும் என்பதை ஒரு சின்னக் கோப்பில் அறிவித்தால் போதும். ஆர் பக்கத்தில் ஆப்ஜெக்டை உண்டாக்கி, டாலர் குறி போட்டு மெத்தடைக் கூப்பிடலாம். பழைய லைப்ரரியைத் தொடவே வேண்டாம். கனமான பாத்திரத்துக்குக் கைப்பிடி மாட்டுகிற மாதிரி.

விண்டோஸில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஆர் அங்கே ஜிசிசி கம்பைலரைத்தான் நம்பியிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோவில் கம்பைல் செய்த கிளாஸ்கள் அதனுடன் ஒட்டாது. லைப்ரரியின் மூல நிரல் வேண்டும், இல்லையென்றால் நடுவில் சி பாணி இடைமுகம் வேண்டும். சரி, அது ஒருமுறைத் தலைவலி.

தீராத தலைவலி வேறு, கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு சிப்பின் அளவு பதிவாகாமல் போனால் ஆர் அதை என்ஏ என்று வைத்துக்கொள்ளும். முழு எண் நெடுவரிசையில் இந்த என்ஏ உள்ளுக்குள் வெறும் எண்தான்: -2147483648, அதாவது 32 பிட்டில் அடங்கும் ஆகச் சிறிய எண். ஆருக்கு அதன் அடையாளம் தெரியும். லைப்ரரிக்குத் தெரியாது. கீழ் வரம்பைவிடக் குறைவு என்று சொல்லி அந்தச் சிப்பைக் கழித்துவிடும். தசம எண் நெடுவரிசையிலோ என்ஏ என்பது நேன் (‘எண் அல்ல’) வகை மதிப்பு. இதைவிடச் சிறியதா, அதைவிடப் பெரியதா என்று எப்படிக் கேட்டாலும் பதில் ‘இல்லை’தான். ஆகவே ‘வரம்புக்குக் கீழே போனாலோ மேலே போனாலோ கழி’ என்று எழுதிய அதே நிரல், அளக்கவே அளக்காத சிப்பைத் தேறியது என்று அனுப்பிவைக்கும். குறை ஒன்றுதான், நெடுவரிசையின் வகை மாறினால் ஒன்று குப்பைக்கு, இன்னொன்று வாடிக்கையாளருக்கு. பிழைச் செய்தி எதுவும் வராது. முழு எண்களுக்குச் சராசரி எடுத்தாலாவது மாட்டிக்கொள்ளும்: 1000 சின்ன எண்களுக்கு நடுவே ஒரு என்ஏ புகுந்தாலே சராசரி மைனஸ் 21 லட்சத்துக்குப் போய்விடும், யாருக்கும் சந்தேகம் வரும்.

மாட்யூல் இதை நமக்காகக் கவனிக்காது. நடுவில் ஒரு மெல்லிய கிளாஸ் எழுதி, உள்ளே போகும் ஒவ்வொரு எண்ணும் என்ஏவா என்று நாம்தான் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்து வேலையின் பெரும்பகுதி இங்கேதான், வேகத்தில் அல்ல.

அப்புறம், ஆப்ஜெக்ட் இருப்பது சி பிளஸ் பிளஸ் பக்கம், ஆர் வைத்திருப்பது அதன் முகவரியை மட்டும். கோப்பில் சேமித்துவிட்டு மறுநாள் திறந்தால் அந்த முகவரி வெறுமையாகத்தான் வரும். அமைப்பு விவரங்களைத் தனியே சேமித்து, ஆப்ஜெக்டை மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும்.

மொழி மாறினால் இதெல்லாம் போய்விடுமா? பைத்தானிலும் கிளாஸை வெளியே காட்ட பைபைண்ட்11 மாதிரி ஏதாவது இணைப்புக் கருவி வேண்டும். பைத்தானின் தரவு அட்டவணைத் தொகுப்பான பாண்டாஸில் முழு எண் நெடுவரிசையில் ஓரிடம் காலியானால், வழக்கமாக நெடுவரிசை முழுதும் தசமமாகி நேன் வந்து உட்கார்ந்துகொள்ளும். அளக்காத சிப் அங்கேயும் தேறிவிடும்.

கணினியும் புள்ளியியலும் படிக்கும் நம் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள் என்பதால் ஒரு வேண்டுகோள். கட்டுரையாளர் அடுத்த முறை வேக ஒப்பீட்டை ஒதுக்கிவைத்து, 10 எண்களில் 2 காலியாக இருக்கும் ஒரு நெடுவரிசையை லைப்ரரிக்குள் அனுப்பி என்ன திரும்பி வருகிறது என்று காட்டட்டும். முழு எண்ணாக ஒருமுறை, தசமமாக ஒருமுறை.

அன்புடன்,
ஒரு வாசகர்,
சுங்கை ஆரா, பினாங்கு.